லாபம், டூ, த்ரீ

என் மூத்த மகளை இரண்டாம் வகுப்பின் நடுவில் பள்ளியிலிருந்து நிறுத்தியது நான்தான். அதை வேறு யார் தலையிலும் போட முடியாது. வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அவருடைய அக்கா வேண்டாம் என்றார். பள்ளி வேன் ஓட்டுகிறவர்கூட, "இன்னும் ரெண்டு நாள் பாத்துப்போட்டு முடிவு பண்ணுங்க" என்றார். இரண்டு நாள் பார்க்கிற பொறுமை எனக்கு எந்தக் காரியத்திலும் இருந்ததில்லை. தோசையைக்கூட வேகும் முன்பே திருப்பிப் பிய்த்துவிடுகிற கை இது.

எங்கள் தென்னந்தோட்டம் கேரள எல்லையில், மீனாட்சிபுரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். வீட்டில் பேசுவது கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ். பள்ளி இங்கிலீஷ் மீடியம், கூடப் படிக்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மலையாளம் பேசுகிறவர்கள். ஒரு நாள் வகுப்பில் இவளை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகத்தான் வாசித்திருக்கிறாள். வாசித்து முடித்ததும் வீட்டுப் பழக்கத்தில், "ஃபினிஷ்டுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து இவளைக் கண்டால் "எஸ்ஸுங்க", "நோவுங்க", "டாட்டாவுங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் அதட்டினார், கேலி வகுப்பிலிருந்து வேனுக்கு இடம் மாறியது. அவ்வளவுதான்.

பிறகு காலையில் வேன் ஹாரன் கேட்டால் வாந்தி வர ஆரம்பித்தது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். சனி, ஞாயிறு நான்கு இட்லி தின்றுவிட்டு வரப்பெல்லாம் ஓடுகிற பிள்ளைக்கு வயிற்றில் என்ன இருக்கப் போகிறது? கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று யூனிஃபாரத்தின் மேலேயே வாந்தி எடுத்தாள். கழுவித் துடைத்து வேறு யூனிஃபாரம் போட்டுவிட்டேன். அதன் மேலும் எடுத்தாள். வேன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. நான் ஈரக் கையோடு போய், "நீங்க போங்க, இனி இங்க நிறுத்த வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஜூன் வரைக்கும் உன்ற இஷ்டம். ஜூன்ல இவ மூணாங் கிளாஸ்ல போயி உக்காரோணும். இல்லீன்னா கூடப் படிச்சதெல்லாம் மேல போயிரும், இவ மறுக்கா ரெண்டுல கெடக்கோணும். அப்பச் சிரிக்கறது இதைவிட ஜாஸ்தியா இருக்கும், பாத்துக்க."

பள்ளியில் பெரிய டீச்சரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். மே கடைசியில் கூட்டி வாருங்கள், உட்கார வைத்துப் பார்ப்போம், தேறினால் மூன்று, தேறாவிட்டால் மறுபடி இரண்டு. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பயமாக இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் சின்னதாக ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன். பொள்ளாச்சியில் கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். அந்தக் காகிதம் பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் பத்து வருஷமாகப் படுத்திருக்கிறது. அதற்கு ஒரு வேலை வந்துவிட்டது என்று மனசு துள்ளியது.

முதல் நாள் ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டி, மகளை உட்கார வைத்தேன். ஒன்பது ஐந்துக்குப் பசு கத்தியது. தண்ணீர் காட்டிவிட்டு வந்தால் கேஸ் தீர்ந்து குக்கர் நின்றுபோயிருந்தது. அதைச் சரி செய்துவிட்டு வந்தால் வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் வந்துவிட்டது, மடையைத் திருப்ப ஆள் வேண்டும் என்று வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து போன் செய்தார். திரும்பி வரும்போது பதினொன்றரை. மகள் அட்டவணையிலிருந்த எல்லா ஓ-க்களுக்கும் உள்ளே கண்ணும் மூக்கும் வரைந்து வைத்திருந்தாள். நான்கு நாள் இப்படியே போனது. உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிற வேலை நடக்காது என்று எனக்குப் புரிந்துவிட்டது. உட்காராதது அவள் இல்லை, நான்.

அப்படித்தான் விளையாட்டுகள் வந்தன. என் வேலை எங்கே நடக்கிறதோ அங்கே பாடம். இட்லித் தட்டில் ஒரு அடுக்குக்கு நாலு குழி, அடுக்கடுக்காகக் கழற்றி வைத்தால் நாலாம் வாய்ப்பாடு. தண்ணீர்ப் பாட்டில் மூடிகளைச் சேர்த்து ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் ஒரு எழுத்து. வெள்ளை மூடியில் இங்கிலீஷ், நீல மூடியில் மலையாளம், பச்சையில் தமிழ். காய் உலர்த்தும் சிமெண்ட் களத்தில் சாக்பீஸால் பெரிய கட்டங்கள் போட்டு உள்ளே எண்கள். நான் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து, "பதினேழோட எட்டு!" என்று கத்துவேன், அவள் இருபத்தைந்தாம் கட்டத்தில் ஓடிப் போய் நிற்க வேண்டும். பால் கேனில் மில்லி லிட்டர். துணி காயப்போடும் கிளிப்பில் ஸ்பெல்லிங். தார் ரோட்டில் பொள்ளாச்சி பஸ் போனால் மணி என்ன என்று கடிகாரத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

அங்கன்வாடியிலிருந்து மதியம் திரும்பும் நாலு வயசுச் சின்னவள் இதிலெல்லாம் கூப்பிடாமலே சேர்ந்துகொண்டாள். அக்கா யோசித்துக்கொண்டு நிற்கும்போது இவள் ஏதோ ஒரு கட்டத்தில் போய்ச் சப்பென்று உட்கார்ந்துவிடுவாள். சில நாள் அது சரியான கட்டமாகவே இருந்து தொலைக்கும். "பாருங்கம்மா, நாந்தான் பஸ்ட்டு!" என்று கூவுவாள். பெரியவள் கட்டத்தை விட்டு வெளியே போய் நிற்பாள்.

பார்க்கிறவர்கள் மெச்சினார்கள். பால் சொசைட்டியில் என் பக்கத்தில் நிற்கும் பெண்கள், எங்களுக்கும் சொல்லிக் குடுங்க அக்கா என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வெளியே தெரியாத ஒன்று இருந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நான் விலகவே இல்லை. தினமும் சாயங்காலம், நான் பசுவின் பக்கத்தில் குந்தியிருக்கும் நேரத்தில், அன்றைய வீட்டுப்பாடம் வந்து விழும். தொழுவத்துச் சுவரில் வைத்திருக்கும் போன் டிங் என்றதும் என் கை மடியிலிருந்து நழுவும். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பார்ப்பேன். அவர்கள் கடன் வாங்கிக் கழிப்பதற்குப் போய்விட்டார்கள். நாங்கள் இன்னும் கூட்டலிலேயே நிற்கிறோம். அவர்கள் முழுப் பாராவாக எழுதுகிறார்கள். எங்களுக்கு இன்னும் மூடிகள்தான். மறுபடி மடியைப் பிடிக்கும்போது என் இழுப்பு வேகமாகிவிடும். பசுவுக்கும் அது தெரிந்ததோ என்னவோ, அந்த மாதங்களில் இரண்டு தடவை என்னை எட்டி உதைத்தது.

அன்றிரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தால் என் வாய் சும்மா இருக்காது. தட்டில் எத்தனை அவரைக்காய், அதில் பாதி எத்தனை? தலை பின்னும்போது வாய்ப்பாடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது ஒரு சொம்புக்கு ஒரு ஸ்பெல்லிங். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தண்ணீர் வழியும் வாயால் எழுத்தெழுத்தாகச் சொல்வாள். சொல்லி முடித்தால்தான் அடுத்த சொம்பு. அதுவும் விளையாட்டு என்றுதான் நான் நினைத்தேன். சின்னவள் ஈரத்தில் நின்று கைதட்டுவாள்.

வீட்டுக்காரரின் அக்காவை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். தயிருக்கு உறை வாங்க வந்தவர் குளியலறைக்கு வெளியே நின்று இதைக் கேட்டுவிட்டார். "ஏம்புள்ள, அது ஒண்ணுக்குப் போறப்பவாச்சும் உடுவியா, அதுலயும் கணக்கு இருக்குதா?" என்றார்.

"உங்களுக்கென்ன நங்கையா, சொல்லீட்டுப் போயிருவீங்க. ஜூன்ல நிக்கப் போறது நானு" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் கோபம் நாள் முழுக்க இருந்தது. அன்றைக்கு அவருக்குக் கொடுத்த உறையை வேண்டுமென்றே கொஞ்சமாகக் கொடுத்தேன்.

உண்மையில் என் தூக்கத்தைக் கெடுத்தது நூறுகள்தான். முந்நூற்று நாற்பத்தேழு என்றால் அதில் எத்தனை நூறு, எத்தனை பத்து என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்று வாரம் புளியங்கொட்டையை வைத்துப் பார்த்தேன். பத்துப் பத்தாகத் துணியில் முடிந்தேன். அவள் முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணினாள். முடிச்சைப் பத்து என்று எடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. "உள்ள இருக்குதான்னு பாக்க வேண்டாமுங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். என்னிடம்தான் பொறுமை இல்லை.

பிப்ரவரியில் தேங்காய் வெட்டு வந்தது. ஆட்கள் மரமேறிக் காய் இறக்கிக் களத்தில் குவித்துவிட்டுப் போன பிறகு எண்ணுவது எங்கள் வீட்டுக்காரர். இரண்டு கையிலும் ஒவ்வொரு காயாக எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போடுவார். ஐம்பது முறை போட்டால் நூறு. நூறு ஆனதும் அதிலிருந்து ஒரு காயைத் தனியே உருட்டிவிடுவார். கடைசியில் குவியலை யாரும் திரும்ப எண்ணுவதில்லை, தனியே கிடக்கிற காய்களைப் பார்த்தால் போதும், எத்தனை நூறு என்று தெரிந்துவிடும். ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்ததால் அன்றைக்கு நான் மகளைக் கவனிக்கவில்லை. அவள் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அவர் எண்ண ஆரம்பித்தார். "லாபம், ரெண்டு, மூணு..."

"ஒண்ணு எங்கீங்கப்பா?"

"குமிச்சு வெச்ச பொருளை எண்ணறப்ப மொதல்ல ஒண்ணுன்னு சொல்லப்படாது சாமி. லாபம்னு ஆரம்பிச்சாத்தான் பெருகும். உன்ற தாத்தன் காலத்துலயும் அப்படித்தான்."

நான் டீயோடு வெளியே வந்தபோது அவள் குந்தியிருந்தாள். முன்னால் ஐந்து காய்கள் வரிசையாகக் கிடந்தன. குவியலில் மீதி பதினாறு. அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஐந்நூத்திப் பதினாறுங்கப்பா" என்றாள். முடிச்சை அவிழ்க்கவில்லை. குவியலை மறுபடி எண்ணவில்லை. ஒரு காய் நூறு என்று அப்படியே எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் நான் தொண்டை கிழியச் சொன்னது, நான் சொல்லாதபோது அவளுக்குள் போய்விட்டது.

அதை அங்கேயே விட்டிருக்கலாம். எனக்கு அது தெரியாது. மறுநாள் காலை எட்டு மணிக்கு 'தேங்காய் விளையாட்டு' ஆரம்பித்துவிட்டேன். புளியங்கொட்டையில், மூடியில், உளுந்தில், கிளிப்பில். பத்துக்கு ஒன்று தள்ளி வை, நூறுக்கு ஒன்று தள்ளி வை. நூற்றுக்கு நூறு சரியாக வந்தது. நான்கு நாளைக்குப் பின் அவள் உளுந்தைத் தள்ளி வைக்கும்போது கொட்டாவி விட்டாள். கொட்டாவியை நான் பார்த்தேன், இன்னொரு பிடி உளுந்தும் எடுத்து வைத்தேன்.

மார்ச்சில் வெயில் ஏறியதும் அவள் அடிக்கடி காணாமல் போனாள். தேடினால் தொழுவத்துக்குப் பின்னால் வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பாள். அங்கே ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத்தான் இடம். கையில் ஒன்றும் இருக்காது. கன்று தலையை நீட்டி அவள் முழங்காலை நக்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் நான் குனிந்து பார்த்துக் கேட்டது இதுதான். "இந்தப் போர்ல எத்தனை கட்டு இருக்கும், ஒரு மதிப்புச் சொல்லு பாக்கலாம்." அவள் சொன்னாள். ஏறக்குறைய சரியாகவே சொன்னாள். சபாஷ் என்று சொல்லிவிட்டு, துணி துவைக்கப் போனேன். அன்றைக்கு மதிப்பீடு என்ற பாடமும் முடிந்தது என்று எனக்கு ஒரே பெருமை.

விஷு சமயத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. விருந்தாளிகள் வருவதாக இருந்தது, அடுப்பில் பாயசம், வகுப்பு குரூப்பில் வருஷப் பரீட்சை மார்க்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு தாயும் கைகூப்பும் பொம்மையும் பூங்கொத்தும் போட்டுத் தள்ளினார்கள். நான் மகளை மூடிகளால் 'பிகாஸ்' என்று அடுக்கச் சொன்னேன். மூன்று தடவை தப்பாக அடுக்கினாள். நான்காம் தடவை அவள் எதையும் அடுக்கவில்லை. மூடிகளைக் குப்புறத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு மூடிகளைப் பிடுங்கிக் களத்தில் வீசினேன். வெள்ளையும் நீலமும் பச்சையுமாகக் களம் பூராவும் தெறித்து ஓடின. சின்னவள் அழ ஆரம்பித்தாள். பெரியவள் அழவில்லை. போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கும்போதே நிறவாரியாகப் பிரித்தாள். யாரும் சொல்லவில்லை. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. பாயசம் அடிப்பிடித்த வாசனையும் வந்ததால் நான் உள்ளே ஓடினேன்.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. பாயசத்தில் முந்திரி எல்லாவற்றையும் அவள் கிண்ணத்தில் போட்டேன். எங்கள் வீடுகளில் அதுதான் மன்னிப்பு. அவள் பாதியைத் தங்கைக்குப் போட்டுவிட்டு, "சரி பாதிங்கம்மா" என்றாள். நான் கேட்காமலேயே சொன்னாள். அந்தப் பதில் ஏன் என்னைச் சுட்டது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

மே கடைசி வாரத்தில் பள்ளிக்குப் போனோம். மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஸ்கூட்டரில் முன்னால் நான், பின்னால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள். வாந்தி வந்தால் என்று பையில் துண்டும் எலுமிச்சம்பழமும் வேறு உடுப்பும் வைத்திருந்தேன். வழியெல்லாம், "ஏழெட்டு?" "ஐம்பத்தாறு." "ஃப்ரெண்ட் ஸ்பெல்லிங்?" என்று தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே போனேன். மாங்காய் ஏற்றிய வண்டிக்காரன் ஒருவன் ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லித் திட்டிவிட்டுப் போனான்.

லீவு என்பதால் பள்ளி காலியாக இருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை. பெரிய டீச்சரும், கேரளத்தில் எங்கோ தெற்கேயிருந்து புதிதாக வந்த ஓர் இளம் டீச்சரும் மேஜைக்கு அந்தப் பக்கம். என்னைச் சுவரோரம் உட்காரச் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது என்று பெரிய டீச்சர் சிரித்தபடி விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். நான் பையை மடியில் வைத்து, துண்டு மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

முதலில் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. முடித்ததும், "ஃபினிஷ்ட், மிஸ்" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் அவள் எதையோ விழுங்கியது எனக்கு மட்டும் தெரிந்தது.

அடுத்து அந்த இளம் டீச்சர் ஒரு பெட்டி நிறைய மரக்கட்டைகளை மேஜையில் கொட்டினார். குவியலாகக் கொட்டினார், அதுதான் விஷயம். எண்ணச் சொன்னார், இங்கிலீஷில். மகள் முதல் கட்டையை எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள்.

"லாபம். டூ. த்ரீ. ஃபோர்..."

டீச்சர் நிறுத்தி, ஒன்று எங்கே என்று மலையாளத்தில் கேட்டார். "ஒண்ணு எவிடெ, மோளே?"

மகள் கட்டைகளைத் திரும்பக் குவியலில் சேர்த்தாள். மறுபடி முதலிலிருந்து. "லாபம். டூ. த்ரீ..."

டீச்சர் பேனாவைத் திறந்து காகிதத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதியிருப்பார்? ஒன்று தெரியாத பிள்ளை என்றுதானே? ஐந்து மாதப் பாடம் அந்தப் பேனாவின் முனையில் நின்றது. நான் எழுந்துவிட்டேன். "டீச்சரே, அவளுக்கு ஒண்ணு தெரியுமுங்க! ஆயிரம் வரைக்கும் தெரியுமுங்க! அது தேங்கா எண்ணற மொறைங்க..." என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே தூங்கிய நாய் எழுந்து குரைத்தது. பெரிய டீச்சர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வயல்வீட்டுக்காரர். அவர் மேஜையில் கை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்கள் வீட்டிலும் நெல் அளந்தால் அப்படித்தான், ஒன்று என்று சொன்னால் என் அப்பா அடிப்பார் என்று இளம் டீச்சருக்கு மலையாளத்தில் விளக்கினார். இந்தக் கலவரம் எதையும் கவனிக்காமல் மகள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பத்துக்கு ஒரு கட்டை தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில், "எயிட்டி த்ரீ" என்றாள். பெட்டியின் மேல் எண்பத்து மூன்று என்றுதான் எழுதியிருந்தது.

மூன்றாம் வகுப்பு. பெரிய டீச்சர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஜெயித்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது, நங்கையாவிடம் எப்படிச் சொல்வது, குரூப்பில் சொல்லலாமா என்று மனசு அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது பெரிய டீச்சர் மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். மலையாளமும் தமிழுமாகக் கேட்டார். "மோளே, ஸ்கூலுக்கு வர உனக்கு இஷ்டமா? பயமில்லையா?"

"பயமா இருக்குதுங்க" என்றாள்.

"பின்னே? வீட்டிலேயே படிக்கிறாயா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். "இங்க மணி அடிச்சா உட்டுருவாங்க."

"வீட்டிலோ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குறை சொல்கிற பார்வை இல்லை. எனக்கு வருத்தமாகிவிடுமோ என்று பார்க்கிற பார்வை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஊட்டுல மணியே அடிக்காதுங்க."

இளம் டீச்சர் சிரித்தார். பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. மகளின் தலையைத் தடவிவிட்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, எட்டு வயசுப் பிள்ளை முன்னால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாத வெட்கம். கிண்டல் செய்கிற இடத்துக்கு, வாந்தி எடுக்க வைத்த இடத்துக்கு இவள் திரும்பிப் போகச் சம்மதிக்கிறாள், அங்கே ஒரு நேரத்துக்கு மேல் யாரும் இவளைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதற்காக.

திரும்பும் வழியில் ரயில் கேட் சாத்தியிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தினேன். சரக்கு வண்டி ஒன்று சாவகாசமாக வந்தது. ஒவ்வொரு பெட்டியாகக் கடந்தது. என் நாக்கு நுனியில் கேள்வி வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இப்ப என்ன பண்ணலாம் கண்ணு?" என்று மட்டும் கேட்டேன்.

என்ன விளையாட்டு இது என்று யோசித்திருப்பாள். பிறகு முதுகில் கன்னத்தைச் சாய்த்தாள். "ஒண்ணும் பண்ண வேண்டாமுங்கம்மா."

சரி என்றேன். அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சும்மாதான் பார்த்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. என்னால் முடியவில்லை, நான் எண்ணினேன். முப்பத்தெட்டுப் பெட்டி. அதை அவளிடம் சொல்லவில்லை. என் ஆயுசில் நான் வாய்க்குள்ளேயே பிடித்துவைத்த முதல் கணக்கு அதுதான். கேட் திறந்தது, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், அவள் கன்னத்தை எடுக்கும்வரை நான் ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை.